களையோடு கோதுமையும்: டிரோன்களை மறிக்கும் ஜாமர்கள் பற்றி ஒரு சிந்தனை



2025ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாளைத் திருச்சபை எளிதில் மறக்காது. அன்று மாலை உரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் மேல்மாடத்தில் புதிய திருத்தந்தை 14ஆம் லியோ தோன்றினார். உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கூறிய அமைதி வாழ்த்தையே தமது முதல் சொல்லாக உலகுக்கு வழங்கினார். அதே இரவில் நம் நாட்டின் மேற்கு எல்லையில் வேறொரு காட்சி. லே முதல் குஜராத்தின் சர் கிரீக் வரை 36 இடங்களில், ஏறக்குறைய 300 முதல் 400 டிரோன்கள் பாகிஸ்தான் பக்கமிருந்து அனுப்பப்பட்டதாக மறுநாள் நமது படை அதிகாரிகள் அறிவித்தார்கள். அவற்றில் பலவற்றைச் சுட்டும், சுடாமலும் வீழ்த்தியதாகவும் சொன்னார்கள்.

"சுடாமல் வீழ்த்துவது" என்றால் என்ன? அதைச் செய்யும் கருவிகளில் முதன்மையானதுதான் ஜாமர். அமைச்சர்களின் வாகன வரிசையிலும் சிறைச்சாலைகளிலும் கேள்விப்பட்ட இச்சொல், இன்று போர்க்களத்தின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. நம் பங்குகளிலிருந்து இராணுவத்திலும் எல்லைப் பாதுகாப்புப் படையிலும் பிள்ளைகள் பணியாற்றுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அந்த நாட்களில் செபமாலையைக் கையில் பிடித்தபடி தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார்கள். எனவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அல்ல. ஜாமர் நம்மைக் காக்குமா? அதனால் வரும் தீங்கு என்ன? நம்பிக்கையுள்ளவர்களாகிய நாம் இதை எப்படிப் பார்ப்பது? சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம்.

ஜாமர் செய்யும் வேலை

வெண்ணந்தூர், இராசிபுரம் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றுகொண்டு பத்தடி தள்ளி நிற்பவரிடம் பேசிப் பாருங்கள். அவருடைய காது பழுதில்லை, உங்கள் குரலும் பழுதில்லை. ஆனால் தறிகளின் ஓசை உங்கள் குரலை விழுங்கிவிடுகிறது. ஜாமர் செய்வதும் இதுவே. டிரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையே வானொலி அலைகள் செல்கின்றன. கடைகளில் விற்கும் டிரோன்கள் பெரும்பாலும் 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. ஜாமர் அதே அலைவரிசையில் பெரும் இரைச்சலை எழுப்புகிறது. கட்டளை டிரோனுக்குக் கேட்பதில்லை.

டிரோனுக்கு இன்னொரு துணையும் உண்டு. தான் எங்கே இருக்கிறது என்பதை அது ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள்களைக் கேட்டே அறிகிறது. அந்தச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கிருந்து வரும் குரல் மிக மெல்லியது. அதை மூழ்கடிக்கச் சிறிய கருவியே போதும். இன்னும் ஒருபடி மேலே போய், செயற்கைக்கோள் பேசுவதுபோலவே பொய்க்குரல் கொடுத்து டிரோனை வேறு திசைக்கு அழைத்துச் செல்லவும் முடியும். நல்ல ஆயனின் ஆடுகள் அன்னியருடைய குரலைப் பின்தொடர மாட்டா என்று ஆண்டவர் சொன்னார் (யோவான் 10). டிரோனுக்கு அந்த அறிவு கிடையாது. உரத்த குரல் எதுவோ, அதன் பின்னால் போய்விடும்.

தொடர்பு அறுந்த டிரோன் என்ன செய்யும்? சில நின்ற இடத்திலேயே மிதக்கும். சில மெல்ல இறங்கும். சில புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். சில திசை தெரியாமல் போய் எங்கேயோ விழும். இந்தக் கடைசி வகைதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது.

பயன் எவ்வளவு?

2021ஆம் ஆண்டு ஜூன் 27 அதிகாலையில் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது டிரோன்கள் மூலம் இரண்டு குண்டுகள் போடப்பட்டன. சில நிமிட இடைவெளியில் இரண்டு வெடிப்புகள். விமானப்படையினர் இருவர் இலேசான காயமடைந்தார்கள், ஒரு கட்டடத்தின் கூரை சேதமடைந்தது. சேதம் சிறிது. ஆனால் நம் நாட்டின் படைத்தளம் ஒன்று டிரோனால் தாக்கப்பட்டது அதுவே முதல் முறை. பெரிய போர் விமானங்களைக் கண்டுபிடிக்க அமைக்கப்பட்ட ராடார்களின் கண்ணில் இந்தச் சிறு பறவைகள் படவில்லை. அதன் பிறகே நாடெங்கும் டிரோன் எதிர்ப்புக் கருவிகளின் தேவை உணரப்பட்டது. நமது பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு உருவாக்கிய கருவித் தொகுதியைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்து முப்படைகளுக்கும் வழங்கத் தொடங்கியது. டிரோனைக் கண்டறிதல், அலைகளை மறித்தல், லேசர் கதிரால் எரித்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும்.

நான்கு ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 2025 மே 10 அன்று பாகிஸ்தான் ஏவிய டிரோன்களால் படைத்தளங்களுக்கோ பொதுக் கட்டமைப்புகளுக்கோ சேதமில்லை என்றும், பெரும்பாலானவை சுட்டும் சுடாமலும் செயலிழக்கச் செய்யப்பட்டன என்றும், சில ஏறக்குறைய முழுமையாகவே கைப்பற்றப்பட்டன என்றும் முப்படைகளின் தலைமைத் தளபதி அனில் சௌகான் அந்த ஆண்டு ஜூலையில் கூறினார்.

ஆனால் முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. பஞ்சாப் எல்லையில் போதைப்பொருளும் துப்பாக்கிகளும் சுமந்து டிரோன்கள் வருகின்றன. அங்கு வரும் டிரோன்களில் முன்பு 3 விழுக்காடு மட்டுமே முறியடிக்கப்பட்டன, புதிய கருவிகள் வந்தபின் அது 55 விழுக்காடாக உயர்ந்துள்ளது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா 2024 டிசம்பரில் ஜோத்பூரில் தெரிவித்தார். இது பெரிய முன்னேற்றம். ஆயினும் நூற்றில் நாற்பத்தைந்து தப்பிவிடுகின்றன என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அப்படித் தப்பிய ஒரு பொட்டலம் போதும், ஒரு கிராமத்து இளைஞர்களின் வாழ்வைக் கெடுக்க.

ஜாமருக்குச் சில எல்லைகள் உண்டு. அதன் வீச்சு குறிப்பிட்ட தூரமே. நீண்ட எல்லை முழுவதும் அதை நட்டு வைக்க முடியாது. செல்லவேண்டிய வழியை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு வரும் டிரோனுக்குக் கட்டளை தேவையில்லை, எனவே கட்டளை அலைகளை மட்டும் மறிப்பதால் பயனில்லை. மேலும், இருட்டில் விளக்கேற்றியவன் தன்னையும் காட்டிக்கொள்கிறான். ஜாமரை இயக்குபவர் தாம் இருக்கும் இடத்தை எதிரிக்குத் தாமே அறிவித்துவிடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பீரங்கிக் குண்டுக்கு ஜாமர் இல்லை. 2025 மே 7 அன்று பூஞ்ச் நகரில் விழுந்த குண்டுகளுள் ஒன்று, கார்மேல் அமல அன்னை சபைக் குருக்கள் நடத்தும் கிறைஸ்ட் பள்ளியின் மாணவர் இருவரைப் பலிகொண்டது. இன்னொரு குண்டு கார்மேல் அன்னை சபை அருள்சகோதரிகளின் இல்லத்தைச் சேதப்படுத்தியது. அலைகளை மறித்துக் காக்க முடியாத உயிர்கள் அவை.

களையோடு பிடுங்கப்படும் கோதுமை

வயலில் களைகளைக் கண்ட பணியாளர்கள், அவற்றைப் பறித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். களையோடு சேர்த்துக் கோதுமையையும் பிடுங்கிவிடக்கூடும் என்று வீட்டுத் தலைவர் தடுக்கிறார் (மத்தேயு 13:24-30). இவ்வுவமை போர்க்கருவிகளைப் பற்றியதல்ல. ஆயினும் தீமையை ஒழிக்கப் புறப்படும் எவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை இது நம் முன் வைக்கிறது. வானில் அலைகளுக்கு வரப்பு கிடையாது. பகைவனின் டிரோனுக்காக எழுப்பப்படும் இரைச்சல், அதே வானில் செல்லும் பயணிகள் விமானத்தின் காதிலும் விழுகிறது.

2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரங்களில், விமானங்களின் ஜி.பி.எஸ். குறுக்கீடு பற்றி 465 நிகழ்வுகள் பதிவானதாக நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் பொய்யான ஜி.பி.எஸ். தகவல் வந்ததையும் அரசு ஒப்புக்கொண்டது. அமிர்தசரஸ், மும்பை, கொல்கத்தா, சென்னை முதலிய இடங்களிலிருந்தும் இத்தகைய குறுக்கீடு பற்றி அறிக்கைகள் வந்ததாக அப்போது கூறப்பட்டது. தரையில் உள்ள பழைய வழிகாட்டிக் கருவிகள் இருந்ததால் விமானங்கள் தடையின்றி இயங்கின. புதியது வந்தவுடன் பழையதைத் தூக்கி எறியும் நமக்கு இது ஒரு பாடம்.

எல்லாருக்கும் அந்த நல்வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2024 கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று, அசர்பைஜானின் பாகு நகரிலிருந்து இரஷ்யாவின் குரோஸ்னி நகருக்கு 67 பேருடன் ஒரு விமானம் புறப்பட்டது. உக்ரைன் டிரோன்களுக்கு எதிரான தற்காப்பு நடவடிக்கைகளால் அந்த வான்பகுதியில் ஜி.பி.எஸ். செயலிழந்திருந்தது. வழி தடுமாறிய விமானம், தரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணை வெடித்ததாலும் சேதமுற்று, காஸ்பியன் கடலைத் தாண்டிக் கசகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்தது. 38 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் போரில் பங்கில்லை.

வீழ்த்தப்படும் டிரோன் காற்றில் கரைந்துவிடுவதும் இல்லை. 2025 மே 9 இரவு பஞ்சாபின் பெரோஸ்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வீட்டின் மீது டிரோன் விழுந்து தீப்பிடித்தது. ஒரே குடும்பத்தில் மூவர் காயமடைந்தார்கள். அவர்களுள் ஒரு பெண் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். தடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை எல்லையோரத்து ஏழைகளே முதலில் செலுத்துகிறார்கள்.

மனிதக் கை அகற்றப்படும்போது

நான் மிகவும் அஞ்சுவது இதைவிட ஆழமான ஒன்றை. தறியோசையில் பேச்சுக் கேட்காவிட்டால் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? கையசைத்துச் சைகையால் பேசுகிறார்கள். போர்க்களத்திலும் அப்படியே நடந்துள்ளது. உக்ரைன் போரில் உக்ரைன் தரப்பு மாதம் சுமார் 10,000 டிரோன்களை இழக்கிறது என்றும், அதற்கு இரஷ்யாவின் மின்னணுப் போர்முறை பெரும் காரணம் என்றும் பிரிட்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று 2023இல் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டே மாற்றுவழி வந்துவிட்டது. மெல்லிய கண்ணாடி இழையைப் பட்டத்து நூல்போல அவிழ்த்தபடி பறக்கும் டிரோன்கள் 2024 முதல் களமிறங்கின. கட்டளை இழை வழியே செல்வதால் ஜாமருக்கு அங்கே வேலையில்லை. இன்று உக்ரைனின் போர்முனை வயல்களில் இந்த இழைகள் சிலந்தி வலைபோல் சிக்கிக் கிடக்கின்றன.

இரண்டாவது மாற்றுவழி இன்னும் கொடியது. மனிதனுடைய கட்டளை தடுக்கப்படுகிறது என்றால், கட்டளையே தேவைப்படாத டிரோனைச் செய்துவிடலாம் என்பதே அந்த எண்ணம். இலக்கைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து தாக்கும் செயற்கை நுண்ணறிவை அதற்குள் வைக்கிறார்கள். இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஜாமர் அறுக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் பகைவனே ஆனாலும், திரையில் ஒரு குழந்தையைக் கண்டால் கை தயங்கலாம். ஒரு கோவிலைக் கண்டால் மனம் மாறலாம். அந்தக் கயிறு அறுபட அறுபட, தயங்கும் கையே தேவையில்லாத ஆயுதத்தை நோக்கி உலகம் தள்ளப்படுகிறது. காப்பதற்காகச் செய்த கருவியே, மனச்சான்று இல்லாத கொலைக்கருவி பிறக்கக் காரணமாகிறது. இது ஜாமரைச் செய்தவர்களின் நோக்கமல்ல. ஆனால் ஆயுதப் போட்டியில் யாருடைய நோக்கமும் நினைத்த இடத்தில் நிற்பதில்லை.

இதனால்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் 14 அன்று இத்தாலியில் ஜி-7 நாடுகளின் தலைவர்கள் முன்னிலையில், தன்னிச்சையாகக் கொல்லும் ஆயுதங்களைத் தடைசெய்ய வேண்டும் என்றும், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரமும் எடுக்கக்கூடாது என்றும் வலியுறுத்தினார். ஒரு திருத்தந்தை ஜி-7 மாநாட்டில் நேரில் பேசியது அதுவே முதல் முறை.

திருச்சபையின் நிலை

நாட்டைக் காப்பது பாவமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவர்கள் அவர்களைக் காப்பது கடமையே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2265). எருசலேமின் மதிலைக் கட்டியவர்கள் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றதை நெகேமியா நூல் நமக்குக் காட்டுகிறது (அதிகாரம் 4). அவ்வகையில், ஒருவரையும் கொல்லாமல் தாக்குதலைத் தடுக்கும் ஜாமர், ஏவுகணையை விட மேலான தற்காப்பு என்றே சொல்லவேண்டும்.

ஆனால் காக்கும் உரிமைக்கும் வரம்பு உண்டு. போரில் ஈடுபட்டவரையும் ஈடுபடாதவரையும் பிரித்தறியாமல் அழிப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் கடுமையாகக் கண்டித்தது. ஜாமர் குண்டு அல்ல என்றாலும், பிரித்தறிய இயலாத தன்மை அதற்கும் உண்டு. எனவே எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்ற கட்டுப்பாடு வேண்டும். இயக்குமுன் வான்வழிப் போக்குவரத்துத் துறைக்கும், அப்பகுதி மருத்துவமனைகளுக்கும் தெரிவிக்கும் ஒழுங்கு வேண்டும். பாதிக்கப்பட்ட எளியவர்களுக்கு இழப்பீடு வேண்டும். இவற்றைக் கேட்பது நாட்டுப்பற்றுக்கு எதிரானதல்ல.

நம் பக்கத்தில் நடப்பது

இவையெல்லாம் பஞ்சாபுக்கும் உக்ரைனுக்கும் உரியவை என்று நினைக்கவேண்டாம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் நமது சேலமும் ஒன்று. ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் மையம், மின்னணுப் போர்முறைக் கருவிகளைச் சோதிக்கும் மையம் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் அமைக்க 2024 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்தது. டிரோனும் நம் மாநிலத்தில் சோதிக்கப்படும், அதை மறிக்கும் கருவியும் நம் மாநிலத்திலேயே சோதிக்கப்படும். நம் பொறியியல் மாணவர்கள் நாளை அங்கே பணிக்குச் செல்லலாம். நல்ல வேலை, நல்ல ஊதியம். ஆனால் அவர்களுக்குத் தொழில் அறிவோடு மனச்சான்றும் வேண்டும். அதைக் கல்லூரி மட்டும் கொடுத்துவிடாது. மறைக்கல்வி வகுப்பும் வீட்டுச் செபமும் கொடுக்கவேண்டும்.

அதே டிரோன் வயலிலும் பறக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் 15,000 குழுக்களுக்கு வேளாண் டிரோன்கள் வழங்கும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மருந்து தெளிக்க முதுகில் சுமையோடு நடந்த உழவருக்கு அது ஓர் இளைப்பாறுதல். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கனவு கண்டார் (எசாயா 2). கருவி ஒன்றே. அது கொழுவாவதும் வாளாவதும் அதைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது.

பங்கு மக்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள். தேர்பவனியையும் திருமணத்தையும் படமெடுக்க டிரோன் அழைத்து வருவோர், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள்படி அது பதிவு செய்யப்பட்டதா, அந்த இடத்தில் பறக்க அனுமதி உண்டா என்று கேட்டறியுங்கள். கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கவிட வேண்டாம். அடுத்து, திருப்பலி நேரத்தில் செல்போன் ஒலிப்பதைத் தடுக்கக் கோவிலில் ஜாமர் வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. தனியார் ஜாமர் வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம். இணையக் கடைகளில் அதை விற்கக்கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் எச்சரித்துள்ளது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 108க்கு அழைக்க முயன்றால், நம் பக்தி அவருடைய உயிருக்கு உலை வைத்துவிடும். செல்போனை அணைப்பதற்கு நம் விரல் போதும்.

மறிக்க முடியாதது

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று இலங்கையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த சில நாட்களில் அந்நாட்டு அரசு டிரோன்கள் பறக்கத் தடைவிதித்தது. அது தேவையான முன்னெச்சரிக்கைதான். ஆனால் அன்று குண்டு கொண்டுவந்தவர்கள் வானில் பறந்து வரவில்லை. பையைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தார்கள். தாக்குதல் பற்றி இந்தியா அந்த மாதம் 4ஆம் நாளே எச்சரித்திருந்தது. அதன்மீது உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் உள்ளிட்டவர்களை இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று பொறுப்பாளிகளாக்கியது. அங்கே எச்சரிக்கையை மறித்தது எந்தக் கருவியும் அல்ல, மனிதரின் அலட்சியம். அந்தக் கைகளில் குண்டைக் கொடுத்ததும் எந்தத் தொழில்நுட்பமும் அல்ல, நெஞ்சில் வளர்ந்த வெறுப்பு.

ஆண்டவர் நகரைக் காக்கவில்லை எனில் காவலர் விழித்திருப்பது வீண் என்ற கருத்தைத் திருப்பாடல் 127 நமக்கு நினைவூட்டுகிறது. அதனால் காவலர் தூங்கலாம் என்று பொருளல்ல. காவலர் விழிக்கட்டும், ஜாமர்களும் இயங்கட்டும். ஆனால் அவை நமக்கு நேரத்தை மட்டுமே வாங்கித் தருகின்றன. ஓர் இரவு, ஒரு வாரம், ஒருவேளை ஓர் ஆண்டு. அந்த நேரத்தைப் பேச்சுவார்த்தைக்கும் ஒப்புரவுக்கும் பயன்படுத்தாவிட்டால், அடுத்த முறை வருவது ஜாமருக்கு அடங்காததாக இருக்கும். 2025 மே 10 அன்று சண்டை நின்றபோது, அடுத்த நாளே திருத்தந்தை 14ஆம் லியோ அதை வரவேற்று, நிலையான உடன்பாட்டுக்காக வேண்டினார். அந்த வேண்டுதல் இன்னும் முடிந்துவிடவில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? வரும் அன்பியக் கூட்டத்தில் இதைப்பற்றிப் பேசுங்கள். எல்லையில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்காகவும், எல்லைக்கு இருபுறமும் வாழும் எளியவர்களுக்காகவும் மன்றாட்டில் ஒரு வரி சேருங்கள். செல்போனில் வரும் பொய்ச்செய்தியையும் பகைமைச் செய்தியையும் அடுத்தவருக்கு அனுப்பாமல் உங்களோடு நிறுத்திவிடுங்கள். வெறுப்பை மறிக்கும் கருவியை எந்த நாடும் இதுவரை செய்யவில்லை. அந்தப் பணியை ஆண்டவர் நம்மிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்.

அமைதியின் அரசியாம் அன்னை மரியா நம் நாட்டிற்காகவும் அண்டை நாடுகளுக்காகவும் பரிந்து பேசுவாராக!